வண்டியில் பெட்ரோல் வாசம் வந்தால் என்ன செய்வோம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறோம். "வண்டிக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

நம் உள்கடன் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். மாடு, ஆடு, பள்ளிக்கூடக் கட்டணம், மருத்துவச் செலவு, இவற்றுக்கு அடுத்தபடி வண்டி வாங்கத்தான் கடன் எடுத்திருக்கிறோம். பால் ஊற்ற, மாவு பாக்கெட் போட, கீரைக் கட்டு ஏற்ற, வங்கிக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் வண்டிதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது ஊரே வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு நம் பெண்கள் மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. அந்தத் திட்டம் பிறகு நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் வாங்கிய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டிக்கு வயசு ஏறியிருக்கிறது. வண்டிக்குள்ளே இருக்கிற ரப்பர் சாமான்களுக்கும் அதே வயசுதான். அதில் ஒன்றுதான் இன்றைய பேச்சு. பெட்ரோல் டியூப்.

விரல் தண்டி டியூப்

டேங்கில் இருக்கிற பெட்ரோல் என்ஜினுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் இந்த டியூப். சுண்டு விரல் தண்டிகூட இருக்காது. பழைய வண்டிகளில் டேங்க் மேலே, கார்பரேட்டர் கீழே. மேலிருந்து கீழே தண்ணீர் இறங்குகிற மாதிரி பெட்ரோல் தானாகவே இறங்கும். நடுவில் ஒரு திருகு இருக்கும். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று மூன்று நிலை. டியூபின் இரண்டு முனையிலும் கம்பிக் கிளிப் கவ்விப் பிடித்திருக்கும்.

புதிய வண்டிகள் வேறு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கிற பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் கிடையாது. டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. அது பெட்ரோலை அழுத்தித் தள்ளுகிறது. நம் வண்டி டயரில் அடைக்கிற காற்றைவிட அந்த டியூபுக்குள் அழுத்தம் கூடுதல். இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டியூப் ஏன் கெடுகிறது? முதல் காரணம் வயசு. வெயிலும் என்ஜின் சூடும் பட்டுப் பட்டு ரப்பர் காய்ந்துபோகும். வளைத்தால் மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு தெரியும். இரண்டாவது எலி. வைக்கோல், தவிட்டு மூட்டை இருக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினால் எலி வந்து கடிக்கும். மூன்றாவது உரசல். டியூப் இடம் மாறி ஏதாவது இரும்பில் உரசிக்கொண்டே இருந்தால் ஓட்டை விழும். நான்காவது, கிளிப் துருப்பிடித்துப் பிடி தளர்வது. ஐந்தாவது காரணம் இப்போது புதிதாகச் சேர்ந்தது. 2023 முதல் நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025இல் ஏறக்குறைய எல்லா பங்க்கிலும் அதுதான். எத்தனால் என்பது கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றிலிருந்து எடுக்கிற சாராயச் சத்து. பழைய வண்டிகளில் இருக்கிற ரப்பருக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் சாமான்களைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரும்.

நமக்குத் தெரிந்த பாடம்தான்

"மெக்கானிக் வேலையெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நினைக்க வேண்டாம். இதைவிடப் பெரிய டியூப் ஒன்றைத் தினமும் நாம்தான் பார்த்துக்கொள்கிறோம். அடுப்படியில் இருக்கிற கேஸ் டியூப். ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற அந்த சுரக்ஷா டியூபை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும் என்று நமக்குத் தெரியும். கேஸ் வாசம் வந்தால் என்ன செய்வோம்? ரெகுலேட்டரை மூடுவோம். கதவு, ஜன்னலைத் திறப்போம். லைட் சுவிட்சைப் போடவும் மாட்டோம், அணைக்கவும் மாட்டோம். தீக்குச்சி கிழிக்க மாட்டோம். பெட்ரோலுக்கும் இதே பாடம்தான். அடுப்படியில் இருக்கிற கவனத்தை வாசலுக்குக் கொண்டு வரணும், அவ்வளவுதான்.

பெட்ரோலைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். எரிவது கீழே சிந்திய பெட்ரோல் இல்லை. அதிலிருந்து எழுகிற ஆவி. மண்ணெண்ணெய் மாதிரி நினைக்கக் கூடாது. பெட்ரோல் குளிர்காலத்து விடியற்காலையில்கூட ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அதனால் மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். பள்ளத்தில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. காற்றில் 100 பங்குக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

நம் பகுதியில் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அவர் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறோம். சங்கத்தில் கடன் எடுத்து ஒரு பழைய மொபெட் வாங்கினார். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து இட்லி மாவு பாக்கெட் எடுத்துக்கொண்டு நாலு ஊர்க் கடைகளுக்குப் போடுவார். தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வண்டியில் மூன்று நாளாக பெட்ரோல் வாசம். வீட்டில் சொல்லியிருக்கிறார். "வண்டின்னா பெட்ரோல் வாசம் வராமல் பூ வாசமா வரும்?" என்று பதில். வண்டி நிற்பது தாழ்வாரத்தில். அதிலிருந்து நாலு எட்டில் விறகு அடுப்பு. நான்காம் நாள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்தார். தீ அடுப்பில் பிடித்ததும் தெரியவில்லை, தரையோடு ஓடி வண்டிக்குப் போனதும் தெரியவில்லை. ஓடியது அவர் காலடி வழியாக. புடவையின் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா நனைந்த சாக்கைப் போட்டுச் சுற்றியதால் உயிர் பிழைத்தார். 12 நாள் ஆஸ்பத்திரி. வண்டி போச்சு. மாவுக் கடை வாடிக்கை வேறு ஆளுக்குப் போச்சு. கடன் மட்டும் அப்படியே நின்றது.

அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்வி. "வட்டி போடச் சொல்லிக் கொடுத்தீங்க, தீர்மானம் எழுதச் சொல்லிக் கொடுத்தீங்க. அந்த டியூபை மூடுறது எப்படின்னு யாருக்காவது தெரிஞ்சிருந்ததா?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

வாசம் வந்தவுடன்

முதலில் செய்ய வேண்டியது. வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது வாசம் வந்தாலோ, கால் ஓரம் ஈரம் பட்டாலோ, ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். திருகு இருக்கிற வண்டியில் அதை ஆஃப் பக்கம் திருப்புங்கள். பிள்ளைகளையும் சாமானையும் இறக்கித் தள்ளிப் போகச் சொல்லுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போயிடலாம்" என்று ஓட்டக் கூடாது. டியூபுக்குப் பக்கத்திலேயே சைலன்சர் சூடாக இருக்கிறது, பிளக்கில் தீப்பொறி ஓடுகிறது.

வீட்டில் நிற்கும்போது வாசம் வந்தால், ஸ்டார்ட் பண்ணாமல் கையால் தள்ளி வெளியே வெட்ட வெளிக்குக் கொண்டு போங்கள். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி, வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பீடி, சிகரெட் குடிக்கிறவர்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் விரட்டுங்கள். வண்டி நின்ற இடத்தில் சிந்தியதன் மேல் மண்ணைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து இன்னும் பரவும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பல ஸ்கூட்டரில் கையால் திருகும் திருகு இருக்காது. என்ஜின் ஓடும்போது மட்டும் வழி தானாகத் திறக்கும். என்ஜினை அணைத்தால் பெரும்பாலும் சொட்டுவது நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் ஓட்டை டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. டியூபும் கவருக்கு உள்ளே இருப்பதால் அதை நாம் பிரிக்க வேண்டாம். கீழே ஒரு எவர்சில்வர் பாத்திரம் வைத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

2020க்குப் பிறகு வாங்கிய பம்ப் வைத்த வண்டியிலும் நாம் கை வைக்கவே கூடாது. என்ஜின் அணைந்த பிறகும் டியூபுக்குள் அழுத்தம் இருக்கும். பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சாவியைத் திருப்பிப் பார்த்தாலே பம்ப் ஓட ஆரம்பிக்கும். அந்த டியூபும் கிளிப்பும் வேறு வகை. அதற்குத் தற்காலிக வைத்தியம் கிடையாது.

தற்காலிகமாகச் சரி செய்வது

இப்போது நாம் பேசுவது திருகு வைத்த, டியூப் வெளியே தெரிகிற பழைய வண்டிகளுக்கு மட்டும். மெக்கானிக் கடை வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு வழி. அதற்கு மேல் இல்லை.

பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். சிம்னி விளக்கு, மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு குனிந்து பார்ப்பது என்பது நாமே போய்க் கொள்ளி வைப்பது மாதிரி. என்ஜின் ஆற அரை மணி நேரம் விடுங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், முடிந்தால் பருத்திப் புடவையாக இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பைக் கையால் ஒரு தடவை தொடுங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உரசி உடம்பில் சின்ன மின்சாரம் ஏறியிருந்தால் அது இறங்கிவிடும்.

திருகு ஆஃபில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். கீழே எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள். டியூபை முழுக்கப் பழைய துணியால் துடைத்து உலர்த்திவிட்டு, திருகைக் கொஞ்சம் திறந்து எங்கே ஈரம் கட்டுகிறது என்று பாருங்கள். தெரிந்தவுடன் மூடிவிடுங்கள். டியூப் முழுக்கக் காய்ந்திருந்து கார்பரேட்டருக்கு அடியில் இருந்து சொட்டினால் அது டியூப் கோளாறு இல்லை. அதைக் கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ என்பார்கள். திருகை மூடிவிட்டுத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டியூபின் முனையில் வெடிப்பு இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலும் முனையில்தான் வெடிக்கும். கட்டிங் பிளேயரால் கிளிப்பை நகர்த்துங்கள். டியூபை அப்படியே இழுக்காமல், முறுக்கி முறுக்கிக் கழற்றுங்கள். உள்ளே நிற்கிற பெட்ரோல் பாத்திரத்தில் விழட்டும். புது பிளேடால் வெடித்த முனையை மட்டும், அரை அங்குல அளவு, நேராக வெட்டி எடுங்கள். கோணலாக வெட்டினால் ஒரு பக்கம் ஒழுகும். மறுபடி மூக்கில் நன்றாக உள்ளே போகும் வரை தள்ளுங்கள். மூக்கின் நுனியில் ஒரு தடிப்பு இருக்கும், அதைத் தாண்டிப் போகணும். கிளிப்பை அந்தத் தடிப்புக்குப் பின்னால் போடுங்கள். டியூப் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றால் நீளம் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால் குழியில் ஏறி இறங்கும்போது பிடுங்கிக்கொள்ளும். வேறு டியூப்தான் போடணும்.

நடுவில் ஓட்டை என்றால், அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ஒரு பித்தளை ஜாயிண்ட் வைத்து இரண்டு பக்கமும் கிளிப் போடலாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். கையில் புது டியூப் இருந்தால் ஜாயிண்ட் வேலையே வேண்டாம், முழு டியூபையும் மாற்றிவிடுங்கள். அதுதான் நல்லது. உள் அளவு பழைய டியூப் அளவே இருக்கணும். பெரிதாக இருந்தால் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

கிளிப் தொலைந்துவிட்டதா? மெல்லிய கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி, ரப்பரை அறுக்காத அளவுக்கு முறுக்குங்கள். கடை வரைக்கும் தாங்கும்.

முடிந்ததும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிந்தியதைத் துடைத்து, துணியைத் தூரப் போடுங்கள். திருகைத் திறந்துவிட்டு 10 நிமிஷம் சும்மா இருங்கள். உலர்ந்த காகிதத்தால் முனையை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லை, வாசம் இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் பண்ணி, நிறுத்திய இடத்திலேயே இரண்டு நிமிஷம் ஓட விட்டு மறுபடி பாருங்கள். டியூப் சைலன்சரையோ என்ஜினையோ தொடாமல் இருக்கணும். பிறகு மெதுவாக, தனி ஆளாக, சுமை இல்லாமல், நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

"இது போட்டா போதாதா அக்கா?"

ஊர் ஊராகப் போகும்போது நம் சகோதரிகள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம்.

சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினால் போதாதா? போதாது. அந்த ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊறி உப்பிக் கூழாகும். கறுப்பு டேப்? அதன் பசையைப் பெட்ரோல் கரைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எம்-சீல்? அது விறைத்துப்போகும், டியூப் வளையும். ஓரத்தில் இடைவெளி விழுந்து ஒழுகும்.

ஆஸ்பத்திரி சலைன் டியூப்? இது நிறைய வண்டியில் பார்க்கிறோம். பார்க்க அழகாக, உள்ளே பெட்ரோல் ஓடுவது கண்ணாடி மாதிரி தெரியும். ஆனால் பெட்ரோல் அதிலிருக்கிற மென்மையை உறிஞ்சிவிடும். கொஞ்ச நாளில் குச்சி மாதிரி விறைக்கும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் உடையும்.

துணி சோப்பு தேய்த்தால் நிற்கும் என்கிறார்களே? அது பாதி உண்மை. சோப்பு பெட்ரோலில் கரையாது. அதனால் டேங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தால், கெட்டியான பார் சோப்பை அழுத்தித் தேய்த்துக் கடை வரைக்கும் ஓட்டுவார்கள். அது அசையாத தகரத்துக்கு. வளைகிற டியூபில் நிற்காது.

வாயால் உறிஞ்சி டேங்கைக் காலி பண்ணலாமா? கூடவே கூடாது. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். பிள்ளைகளுக்கு அது தண்ணீர்தான்.

தீ பிடித்துவிட்டால்

வண்டியைக் காப்பாற்ற ஓடாதீர்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம்மைத் திருப்பித் தர ஒரு கம்பெனியும் இல்லை. தள்ளி நில்லுங்கள், மற்றவர்களையும் தள்ளுங்கள். சின்னத் தீ என்றால் மண், மணல், நனைந்த சாக்கு. தண்ணீரை வீசி ஊற்ற வேண்டாம். பெரிய தீ என்றால் 101க்கு போன் பண்ணுங்கள், ஆம்புலன்சுக்கு 108.

புடவையில் பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டு இன்னும் எரியும். அப்படியே தரையில் படுத்து உருளணும். பக்கத்தில் இருப்பவர்கள் கனமான போர்வையோ நனைந்த சாக்கோ போட்டு மூடணும். அணைந்த பிறகு புண்ணின் மேல் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஓட விடுங்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு எதையும் தடவாதீர்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தீப்பிடிக்காமல் பெட்ரோல் மட்டும் புடவையில் கொட்டிவிட்டால், அந்தப் புடவையோடு அடுப்படிக்குள் போகாதீர்கள். முதலில் மாற்றுங்கள், உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தற்காலிகம் என்றால் தற்காலிகம்

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் தற்காலிகமாகச் செய்தது எல்லாம் நிரந்தரமாகிவிடுகிறது. மழைக்குக் கூரையில் போட்ட தார்ப்பாய் மூன்று வருஷமாக அங்கேயே இருக்கிறது. கதவுக் கொண்டிக்குப் பதிலாகக் கட்டிய கயிறு இன்னும் இருக்கிறது. பெட்ரோல் டியூபில் அந்தப் பழக்கம் செல்லாது. நாம் கம்பி கட்டினது நமக்குத் தெரியும். மறுநாள் காலையில் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகிற மகளுக்கோ கொழுந்தனுக்கோ தெரியாது.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்வோம். வண்டியில் தற்காலிக வேலை செய்தால் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அந்தத் துணி இருக்கிற வரைக்கும் மெக்கானிக் கடையைத் தவிர வேறு எங்கேயும் வண்டி போகக் கூடாது. பின்னால் ஆள் ஏறக் கூடாது. புது டியூப் போட்ட பிறகுதான் அவிழ்க்கணும். கடையில் கேட்கும்போது "பெட்ரோல் டியூப், எத்தனால் தாங்குறது" என்று கேட்டு வாங்குங்கள். "ஏதாவது ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். நாம் என்ன கேட்கிறோமோ அதைத்தான் கடைக்காரர் கொடுப்பார்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். சங்கத்தில் வாங்கி வாடகைக்கு விடுகிற பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், தண்ணீர் இறைக்கிற சின்ன பெட்ரோல் என்ஜின், இவற்றிலும் இதே டியூப்தான். ஸ்பிரேயரை முதுகில் கட்டிக்கொண்டு நிற்கிறோம். அதில் ஒழுகினால் ஓடித் தப்பிக்கவும் முடியாது. வாடகைக்குக் கொடுக்கும்போதும் திரும்பி வரும்போதும் டியூபைத் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு சங்கமும் அடுத்த கூட்டத்துக்குள் மூன்று வேலை செய்யணும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று. உறுப்பினர் வீட்டு வண்டிகளை ஒரு நாள் பகலில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். டியூபை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், விறைப்பு, ஈரம், இந்த நான்கில் எது இருந்தாலும் அந்த வாரமே மாற்றணும். எந்த வண்டிக்கு எப்போது மாற்றியது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

இரண்டு. சங்கத்துப் பொதுப் பணத்தில் ஒரு மீட்டர் பெட்ரோல் டியூப், நான்கு கிளிப், ஒரு ஜாயிண்ட், ஒரு புது பிளேடு, ஒரு கட்டிங் பிளேயர் வாங்கி ஊக்குநர் வீட்டில் வையுங்கள். இராத்திரி 9 மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. ஊக்குநர் வீடு திறந்திருக்கும். எடுத்து வைத்துக்கொண்டு விடிந்ததும் வேலையைப் பாருங்கள்.

மூன்று. டியூப் மாற்ற, சின்ன ரிப்பேர் பார்க்க உள்கடன் கேட்டால் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லாதீர்கள். பிரதிநிதிகள் இருவர் கையெழுத்தில் அன்றைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பணத்துக்காக ஒருவர் ஒழுகுகிற வண்டியை ஒரு வாரம் ஓட்டும்படி ஆகக் கூடாது.

நாம் சொன்ன அந்தச் சகோதரி இப்போது நடந்து போய் இரண்டு கடைக்கு மட்டும் மாவு போடுகிறார். அவர் சங்கம் கடனைத் திரும்பக் கட்டும் காலத்தை நீட்டித்துக் கொடுத்திருக்கிறது. இன்னொரு வண்டிக் கடனுக்கும் மனு எழுதியிருக்கிறார். அந்த மனுவை வரும் கூட்டத்தில் நாம்தான் பரிசீலிக்கப் போகிறோம். கடனோடு சேர்த்து, அந்த வண்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆட்களாகவும் நாம் அவருக்குப் பக்கத்தில் இருக்கணும்.

கூட்டம் முடிந்ததும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். வாசலில் ஒரு பழைய மொபெட் நிறுத்தியிருக்கிறோம். டேங்கில் பெட்ரோல் இல்லை, காலி பண்ணி ஒரு நாள் காயவிட்டதுதான். ஒவ்வொருவரும் உங்கள் கையாலேயே கிளிப்பைக் கழற்றி, டியூபை வெட்டி, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காதால் கேட்டது மறந்துபோகும், கை செய்தது மறக்காது.